டெல்டாவில் கேரவனில் குடியிருந்து வேலை பார்க்க: இடம் முதல் ஆர்.சி. வரை

வேலை முழுக்க லேப்டாப்பில்தான், வீட்டு வாடகை எதற்கு, ஒரு வேனை வீடாக மாற்றிக்கொண்டு கும்பகோணம், மன்னார்குடி பக்கம் இருந்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு இது. பெரும்பாலானவர்கள் முதலில் வண்டியை வாங்கிவிட்டுப் பிறகுதான் இடம் தேடுகிறார்கள். டெல்டாவில் அது தலைகீழ். இங்கே மண் களிமண். ஐப்பசி பிறந்தால் வயலும் சாலையோரமும் ஒரே மட்டம். நிற்க நல்ல தரை இருந்தால் பழைய வண்டியிலும் நிம்மதியாகக் குடியிருக்கலாம். தரை சரியில்லை என்றால் எத்தனை லட்சம் போட்ட கேரவனும் டிராக்டர் வரும்வரை சகதியில்தான்.

கீழே உள்ள விலைகள் தோராயம். கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் மாறும்.

1. வாங்கும் முன் ஒத்திகை

இரண்டு முறை, ஒவ்வொன்றும் ஒரு வாரம். ஒன்று சித்திரையில், மற்றொன்று ஐப்பசி அல்லது கார்த்திகையில். நிறுத்த நினைக்கும் ஊரில் அறை எடுத்துத் தங்குங்கள். வேலை நேரத்தில் மட்டும் ஒரு காரை அந்த இடத்திலேயே நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து மொபைல் நெட்டில் வேலை பாருங்கள். சித்திரை உங்கள் உடம்பையும், கார்த்திகை அந்த இடத்து மண்ணையும் சோதித்துவிடும். இரண்டையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

2. நிற்கும் இடத்தை முடியுங்கள்

ரைஸ் மில் களத்தைவிட நல்ல தரை டெல்டாவில் கிடையாது. சிமென்ட் தளம், சுற்றுச்சுவர், வாட்ச்மேன், மும்முனை கரன்ட், பல இடங்களில் எடைமேடையும் உள்ளேயே இருக்கும். சிக்கல் அறுவடைதான். குறுவை வரும் புரட்டாசி, ஐப்பசியிலும், சம்பாவும் தாளடியும் வரும் தை முதல் பங்குனி வரையிலும் களத்தில் கால் வைக்க இடம் இருக்காது. உமித்தூசி வேறு கூரை சோலார் பேனலிலும் லேப்டாப் ஃபேனிலும் அப்பிக்கொள்ளும்.

கல்யாண மண்டப வளாகம் ஆடியிலும் மார்கழியிலும் காலியாகக் கிடக்கும். முகூர்த்தமே இல்லாத மாதங்கள் என்பதால் உரிமையாளர்கள் குறைந்த வாடகைக்கு ஒப்புக்கொள்வார்கள். மற்ற மாதங்களில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையிலேயே வண்டியை எடுத்துவிட வேண்டும். எனவே ஆபீஸ் காலண்டருக்குப் பக்கத்தில் பஞ்சாங்கமும் வேண்டும். இன்னொன்று: ஆடியில் மண்டபம் சும்மா இருந்தாலும் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி சும்மா இருக்காது. விடியற்காலையில் வெளிநாட்டு மீட்டிங் இருப்பவர்கள் கோயிலிலிருந்து நாலு தெரு தள்ளி இடம் பாருங்கள்.

நீண்ட நாளுக்கு ஏற்றது வீட்டுக் கொல்லை, அல்லது வீட்டோடு ஒட்டிய காலி மனை. இ.பி. இணைப்பு, செப்டிக் டேங்கோடு கழிவறை, போர் தண்ணீர் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மின்சாரம் தனி, இடத்துக்கு மாதம் 2,000 முதல் 5,000 ரூபாய்க்குள் பேசி முடித்தால் நியாயம்.

தென்னந்தோப்பு படம் எடுக்க அழகு. குடியிருக்க வேண்டாம். காய் விழுந்தால் பேனல் கண்ணாடி போகும், மட்டை விழுந்தால் மேல் ஜன்னல் போகும். எதுவும் விழாவிட்டாலும் ஓலை நிழல் கரன்ட் உற்பத்தியை நாள் முழுக்கத் தின்றுகொண்டிருக்கும்.

ஆற்றுப் படுகையும் வாய்க்கால் கரையும் வேண்டவே வேண்டாம். கோடையில் மைதானம் மாதிரி தெரியும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் கல்லணை வந்து பிரிந்ததும் நேற்றுவரை காய்ந்திருந்த வாய்க்கால்கள் நிறையத் தொடங்கும். மேலே உபரிநீர் திறந்தால் கொள்ளிடம் படுகை இரவோடு இரவாக மூழ்கும். அதோடு அது அரசு நிலம். எழுப்பி அனுப்பினால் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை.

இடத்துக்காரரிடம் பேசுவதோடு நிறுத்தாமல் காகிதத்தையும் பாருங்கள். தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா, சிட்டா கிடைக்கும். கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அது புறம்போக்கா என்பது தெரியும். டெல்டாவுக்கே உரிய ஒரு பொறி இங்கே இருக்கிறது. நிலத்தில் நிறைய கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தம். "நம்ம இடந்தான் தம்பி, நிறுத்திக்கங்க" என்று சொல்பவர் பெரும்பாலும் குத்தகைக்காரர். அவர் மனசார, நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் உள்குத்தகை விட அவருக்கு உரிமை இல்லை. புகார் போனால் பாதிக்கப்படுவது அவரும்தான்.

பட்டாதாரரோடு பதினொரு மாத ஒப்பந்தம், முத்திரைத்தாளில். வண்டி எண், நிறுத்தும் நீள அகலம், மின்சாரத்துக்குத் தனி சப்-மீட்டர், கழிவறைப் பயன்பாடு, தண்ணீர், காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். ஒப்பந்த நகலோடு ஆர்.சி., ஆதார் நகல்களையும் உள்ளூர் காவல் நிலையத்தில் கொடுத்துச் சொல்லிவிடுங்கள். வெளியூர் வண்டி ஒன்று நாள்கணக்கில் நிற்கிறது என்று யாராவது போன் போடும்போது அந்த ஒரு நகல் உங்கள் இரவைக் காப்பாற்றும்.

மின்சாரத்தில் இரண்டு எச்சரிக்கை. பம்ப்செட் கொட்டகையிலிருந்து ஒயர் இழுக்க இடத்துக்காரரே சொன்னாலும் இழுக்காதீர்கள். அது விவசாயத்துக்கான இலவச இணைப்பு. வேறு உபயோகத்துக்கு எடுத்தால் அபராதம் இணைப்புக்காரர் தலையில் விழும். இரண்டாவது, வீட்டு இணைப்பின் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படியில் கிடைத்த குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகும். இரவில் ஏ.சி. போட்டால் தினம் நாலு யூனிட், இரண்டு மாதத்துக்கு 240. வீட்டுக்காரர் ஏற்கெனவே 300 யூனிட் ஓட்டுபவர் என்றால் கணக்கு 540. அந்த ஏற்றத்தை யார் கட்டுவது என்று முதலிலேயே பேசுங்கள். பெரும்பாலான மனஸ்தாபம் இந்த பில்லில்தான் தொடங்குகிறது.

தரை மண்ணாக இருந்தால் சக்கரம் நிற்கும் தடத்தில் மட்டும் கிராவல் போட்டால் போதும். இருபது அடி நீளம், இரண்டு அடி அகலம், அரை அடி கனத்தில் இரண்டு பட்டை: கணக்குப்படி 40 கன அடி, இடித்து அமுக்கினால் குறையும் என்பதால் அரை யூனிட், அதாவது 50 கன அடி வாங்குங்கள். கேட்டிலிருந்து வண்டி வரும் வழியையும் மறக்காதீர்கள். நிற்கும் இடத்தைக் கெட்டியாக்கிவிட்டு வாசலில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

3. வண்டியும் ஆர்.சி.யும்

மோட்டார் வாகன விதிகளில் மோட்டார் கேரவன் என்பதற்கு விளக்கம் இருக்கிறது: உட்காரும் இருக்கையும் மேசையும், படுக்க வசதி (இருக்கையையே மாற்றிப் படுப்பதாகவும் இருக்கலாம்), சமைக்க வசதி, பொருள் வைக்கும் இடம். இவை வண்டியோடு உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். மேசை மட்டும் கழற்றும்படி இருக்கலாம். இந்த வகை வண்டிக்கான தொழில்நுட்பத் தரம் ஏ.ஐ.எஸ். 124. பாடி கட்டுபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தத் தரத்துக்கு ஒப்புதல் வாங்கிய வடிவமைப்பு உங்களிடம் இருக்கிறதா என்பதே. "அதெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுங்கள். பஸ் பாடிக்குப் பேர்போன கரூர் டெல்டாவுக்கு மேற்கே பக்கத்தில்தான் இருக்கிறது. தஞ்சாவூரிலேயே முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒப்புதலோடு கட்டிய கேரவனை வாங்கினால் காகித வேலை குறைவு, விலை அதிகம். பழைய டெம்போ டிராவலரை வாங்கி மாற்றினால் விலை குறைவு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் நடை அதிகம். இரண்டாவது வழியில் போகிறவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி எதைச் செய்தாலும் முன் அனுமதி வேண்டும். அனுமதி பெற்று மாற்றியபின் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். சீட்டைக் கழற்றுவதும் மாற்றம்தான், ஏனென்றால் இருக்கை எண்ணிக்கை ஆர்.சி.யில் இருக்கிறது. அனுமதியில்லாமல் மாற்றினால் 182-ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம் இன்சூரன்ஸ். ஆர்.சி.யில் பன்னிரண்டு சீட், உள்ளே கட்டிலும் அடுப்பும் என்றால், விபத்துக்குப் பின் சர்வேயர் எடுக்கும் முதல் போட்டோவிலேயே க்ளெய்ம் முடிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தாலும் வண்டி பாலிசி லேப்டாப்பையோ மானிட்டரையோ காப்பாற்றாது. அவற்றுக்குத் தனி பாலிசி.

மஞ்சள் பலகை வண்டியை, அதாவது வாடகைக்கு ஓடியதை, வாங்கினால் வரிசை இப்படி: பர்மிட்டை ஒப்படைத்தல், வரி பாக்கி இல்லை என்ற சான்று, கடன் இருந்தால் படிவம் 35-இல் நிதி நிறுவனத்தின் கையெழுத்து, படிவம் 29, 30-இல் பெயர் மாற்றம், சொந்த உபயோக வகைக்கு மாற்ற விண்ணப்பம், வித்தியாச வரி, பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்தல், புதிய ஆர்.சி., அதன்படி இன்சூரன்ஸ் திருத்தம். உள்வேலை தொடங்கும் முன் வரைபடத்தைக் கொண்டுபோய் அனுமதி வாங்குங்கள். முழுக்க முடித்துவிட்டுக் கொண்டுபோனால், ஒரு கேள்வி வந்தாலும் பிரிக்க வேண்டியது பிளைவுட் மட்டும் அல்ல, அதன் பின்னால் ஓடும் ஒயரும் பைப்பும்தான். காகிதத்துக்கு மட்டும் இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

பி.ஒய். 02, அதாவது காரைக்கால் பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு வலை உண்டு. டெல்டாவுக்கு நடுவே இருந்தாலும் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. வேறு மாநிலப் பதிவு வண்டியைப் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தடையில்லாச் சான்று வாங்கி மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். மிச்சப்பட்டது அங்கேயே கரையும். மஞ்சள் பலகையை மாற்றாமல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு தகவல்: மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வழியாக நாகப்பட்டினம் போகும் கடற்கரைச் சாலை காரைக்காலுக்குள் புகுந்துதான் வெளியே வருகிறது. பர்மிட் கேள்வி அங்கே வரும்.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம், உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதை 2024-இல் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது.

4. எடையும் உயரமும்

ஆர்.சி.யில் மொத்த எடை என்று ஒரு எண் இருக்கும். சீட் எல்லாம் கழற்றிய வண்டியை எடைமேடையில் ஏற்றி எடுத்த எண்ணை அதிலிருந்து கழியுங்கள். மிச்சம்தான் உங்கள் வீடு, தண்ணீர், நீங்கள், உங்கள் சாமான். எட்டுக்கு நாலு 12 மி.மீ. பிளைவுட் ஒன்று சுமார் 25 கிலோ, 19 மி.மீ. என்றால் 40. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 540 வாட் பேனல் ஒன்று 28 கிலோ அளவில். தச்சர்கள் வீட்டு அலமாரி மாதிரியே 19 மி.மீ.யில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். தடுப்புகளுக்கு 12 போதும் என்று முதலிலேயே கறாராகச் சொல்லுங்கள். பாதி வேலையில் ஒருமுறை, முடிந்தபின் தண்ணீர் நிரப்பி ஒருமுறை எடை போடுங்கள். இடது வலது பாரம் சமமா என்று பார்க்க, ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றினால் தெரியும்.

பேனலோடு சேர்த்த மொத்த உயரத்தை அளந்து ஓட்டுநர் கண்ணெதிரே எழுதி ஒட்டுங்கள். ரயில்வே கீழ்ப்பாலம், ஊர் நுழைவு வளைவு, தொய்ந்த மின்கம்பி, திருவிழாப் பந்தல் நான்கும் டெல்டாவில் எங்கும் உண்டு. கூகுள் மேப் காட்டும் குறுக்குவழிகளில் வாய்க்கால் பாலங்களும் வரும். அகலமும் தாங்கும் எடையும் தெரியாமல் ஏறாதீர்கள்.

5. கரன்ட்

ஒரு நாள் தேவையை முதலில் எழுதுங்கள். லேப்டாப் 60 வாட், ஒன்பது மணி நேரம்: 540 வாட்-அவர். கூடுதல் மானிட்டர் 25 வாட், எட்டு மணி நேரம்: 200. குறைந்த கரன்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட், இருபது மணி நேரம்: 600. ரவுட்டர் 10 வாட், நாள் முழுக்க: 240. கம்ப்ரசர் வைத்த 50 லிட்டர் டி.சி. ஃபிரிட்ஜ் நம்ம ஊர் வெயிலில் 500 பக்கம். விளக்கு, பம்ப், போன்: 150. மொத்தம் 2,230 வாட்-அவர். ஆயிரம் வாட்-அவர் ஒரு யூனிட், ஆக இன்வெர்ட்டர் இழப்போடு 2.4 யூனிட்.

இதற்கு 24 வோல்ட் அமைப்பே சரி. 25.6 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 2.56 யூனிட் நிற்கும். ஒரு நாளைத் தள்ளலாம். 12 வோல்ட்டில் இதே வேலையைச் செய்தால் ஆம்பியர் இரண்டு மடங்கு, அதற்கேற்ப கேபிளும் தடிமன். 1,500 வாட் இன்வெர்ட்டர் 24 வோல்ட்டில் முழு லோடில் 70 ஆம்பியர் இழுக்கும்: 25 சதுர மி.மீ. கேபிள், 100 ஆம்பியர் ஃபியூஸ், ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள். சைன் வேவ் இன்வெர்ட்டர் மட்டும். லேப்டாப்பை இன்வெர்ட்டர் வழியாகப் போடாமல் 24 வோல்ட்டில் ஓடும் 100 வாட் டைப்-சி சார்ஜரில் போட்டால் பத்து சதவீதத்துக்கு மேல் மிச்சம்.

பேனல் 540 வாட்டில் இரண்டு. ஒன்று ஏறத்தாழ 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். நீளவாக்கில் அடுத்தடுத்து வைத்தால் 4.6 மீட்டர். கூரையை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கூரைக்கும் பேனலுக்கும் நடுவில் மூன்று விரற்கடை இடைவெளி விட்டால் பேனல் சூடு குறையும், கூரைக்கும் நிழல் கிடைக்கும்.

இந்தப் பேனலின் திறந்த நிலை வோல்ட்டேஜ், அதாவது எதையும் இணைக்காதபோது காட்டுவது, ஒன்றுக்கு 49 சொச்சம். இரண்டையும் தொடராக இணைத்தால் 99. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்துவது எம்.பி.பி.டி. கன்ட்ரோலர். 100 வோல்ட் வரம்புள்ள ஒன்றை "கரெக்டா பொருந்துது" என்று கடைக்காரர் கொடுப்பார். பேனல் குளிர்ந்திருக்கும் மார்கழிக் காலையில் வோல்ட்டேஜ் அதைத் தாண்டும், கன்ட்ரோலர் செத்துவிடும். 150 வோல்ட், 45 ஆம்பியர் வாங்குங்கள். இணைப்பு இணையாக (பேரலல்) இருக்கட்டும், ஒன்றின் மேல் மர நிழல் விழுந்தாலும் மற்றது முழுதாக ஓடும்.

கோடையில் நாளுக்கு மூன்றரை யூனிட்டுக்கு மேல் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு யூனிட் வந்தால் பெரிது. எனவே சோலார் இருக்கிறது என்று இ.பி. இணைப்பை விடாதீர்கள். 24 வோல்ட், 25 ஆம்பியர் சார்ஜர் ஒன்று சுமார் நாலு மணி நேரத்தில் பேட்டரியை நிரப்பும். வெளி இணைப்பு உள்ளே நுழையும் இடத்தில் கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம், ஈர மண்ணில் நின்றுகொண்டு இரும்புக் கதவைத் தொடப்போவது நீங்கள்தான்.

ஏ.சி.யை இந்தப் பேட்டரியில் ஓட்ட முடியாது. இ.பி. இருக்கும்போது மட்டும்.

பேட்டரி 45,000 முதல் 70,000, பேனல் ஒன்று 10,000 முதல் 15,000, கன்ட்ரோலர் 15,000 முதல் 35,000, இன்வெர்ட்டரும் சார்ஜரும் சேர்ந்து 25,000 முதல் 40,000. கேபிள், ஃபியூஸ், கேபிள் முனைக்கு லக் என்று 15,000 தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் விட்டுவிடும் செலவு இது.

6. நெட்

வீட்டுக்கு வரும் ஏர்ஃபைபர் வகை இணைப்பு பதிவு செய்த முகவரிக்கானது, கேரவனோடு நகராது. இரண்டு சிம் போடும் ரவுட்டர், வெளியே ஆன்டெனா மாட்டும் துளையோடு வாங்குங்கள். இரண்டு சிம்மும் வேறு வேறு நிறுவனம். மூன்றாவதாக பி.எஸ்.என்.எல். ஒன்று போனில் இருக்கட்டும். ரவுட்டர் விவரத்தில் பேண்ட் 28 இருக்கிறதா என்று பாருங்கள், பி.எஸ்.என்.எல். 4ஜி 700 மெகாஹெர்ட்ஸில் வருகிறது, தூரத்து டவரை எட்டுவது அதுதான். மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் அது இருக்காது.

இடத்தைச் சோதிப்பது மதியம் மூன்று மணிக்கு அல்ல, இரவு எட்டு மணிக்கு. ஊரே ரீல்ஸ் பார்க்கும் நேரம் அது. டவுன்லோடை விட்டுவிட்டு அப்லோடு எண்ணைப் பாருங்கள். நல்ல வீடியோ காலுக்கு நாலு எம்.பி.பி.எஸ். தொடர்ந்து வேண்டும். குழு வீடியோ மீட்டிங் மணிக்கு ஒரு ஜி.பி.க்கு மேல் தின்னும், அதனால் தினம் இரண்டு ஜி.பி. பிளான் மதியத்திலேயே தீரும்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் நகரங்களைச் சுற்றி சிக்கல் குறைவு. வேதாரண்யம் தாண்டிக் கோடியக்கரை பக்கம் போகிறவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சோதியுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரன்ட் நிறுத்தும் நாள் செய்தித்தாளில் வரும். உங்கள் பேட்டரி தாக்குப்பிடித்தாலும் டவர் பேட்டரி மாலைவரை தாங்குமா என்பது வேறு. அன்றைக்கு முக்கிய மீட்டிங் இருந்தால் வண்டியை அடுத்த ஊருக்கு ஓட்டிவிடுங்கள். சக்கரம் இருப்பது அதற்குத்தானே.

மழையில் தகரக் கூரை போடும் சத்தத்துக்குக் கூரையில் இன்சுலேஷன் வேண்டும். அதற்கு மேல் வாய்க்கருகே மைக் வரும் ஹெட்செட்.

7. தண்ணீரும் கழிவறையும்

நூறு லிட்டர் டேங்க் ஒருவருக்கு நாலைந்து நாள் வரும், குளியலை வெளியே வைத்துக்கொண்டால். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். கடற்கரை ஒட்டிய நாகை, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை டேங்கில் ஏற்றினால் பம்பும் வால்வும் உப்புப் பூத்துவிடும். குடிக்க 20 லிட்டர் கேன், டேங்குக்கு ஊராட்சிக் குழாய்த் தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கழிவறைக்கு இரண்டு வழி. கழிவுப் பெட்டியைக் கழற்றி எடுக்கும் கேசட் வகையில் 20 லிட்டர் பெட்டி ஒருவருக்கு மூன்று நாளில் நிறையும். காலி செய்ய வேண்டியது இடத்துக்காரர் வீட்டு செப்டிக் டேங்க் இணைந்த கழிவறையில். ஒப்பந்தத்தில் கழிவறையைச் சேர்க்கச் சொன்னது இதற்காக. ஃபார்மலின் கலந்த மருந்து போடாதீர்கள், அவர்கள் டேங்கில் கழிவை மக்கவைக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். மற்றது சிறுநீர் தனியாகப் பிரியும் உலர் கழிவறை. மேலே தூவ தென்னை நார்க்கழிவு வேண்டும். பட்டுக்கோட்டை, பேராவூரணி கயிறு ஆலைகளில் மூட்டையாகக் கிடைக்கும், நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஈரமாக இருந்தால் நாற்றமும் கொசுவும்.

எதுவாக இருந்தாலும் வாய்க்காலில் கொட்டாதீர்கள். கீழ்ப்பக்கம் யாரோ குளித்துக்கொண்டிருப்பார்கள். ஊர் உங்களைத் துரத்த அந்த ஒரு வாளி போதும். பாத்திரம் கழுவிய தண்ணீரை வடிகட்டி வாழைக்கு விடலாம், இடத்துக்காரரைக் கேட்டுவிட்டு.

8. அடுப்பு

ஐந்து கிலோ சிலிண்டர் போதும். சில பெட்ரோல் பங்குகளிலும் கேஸ் ஏஜென்சிகளிலும் அடையாள அட்டை நகல் கொடுத்தால் முகவரிச் சான்று கேட்காமல் தருவார்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டிக்கு வெளிப்பக்கக் கதவும், அடியில் கையகலத் துளையும் வேண்டும். மேலே வென்டிலேட்டர் வைத்துப் பயனில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை ட்யூபை அதில் போட்டிருக்கும் காலாவதி ஆண்டுக்கு முன்பே மாற்றுங்கள். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியே இருக்க வேண்டும்.

9. வெயில், எலி, கொசு

சூடு உள்ளே வராமல் தடுக்க, நுண்ணறைகள் மூடியிருக்கும் (குளோஸ்டு செல்) நைட்ரைல் ரப்பர் ஷீட் 19 மி.மீ., கூரையில் இரட்டை அடுக்கு. கண்ணாடிப் பஞ்சு வேண்டாம்; நம்ம ஊர் ஈரக்காற்றில் தண்ணீர் கோத்துத் தகரத்தை உள்ளிருந்து துரு பிடிக்கவைக்கும். கத்திரி வெயிலில் மதியம் பன்னிரண்டு முதல் நாலு வரை ஏ.சி. இல்லாமல் வேலை நடக்காது. முடிந்தால் ஷிப்டை விடியலுக்கு மாற்றுங்கள்.

எலிதான் டெல்டாவின் உண்மையான வில்லன். சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் வரப்பு எலிகளெல்லாம் இடம் தேடும். வண்டியின் அடிப்பகுதியில் ஒயர் நுழையும் ஒவ்வொரு துளையையும் எஃகு வலையால் அடைத்து மூடுங்கள், ஃபோம் மட்டும் அடித்தால் கடித்துவிடும். வெளியே ஓடும் ஒயர் எல்லாம் எஃகு ஃபிளெக்சிபிள் குழாய்க்குள். ஒரு இரவில் ஒரு ஒயர் போனால், எது போனது என்று கண்டுபிடிக்க எலெக்ட்ரீஷியனுக்கு இரண்டு நாள். ஜன்னலுக்கு உள்பக்கம் கொசுவலை, மாலை ஐந்தரைக்கே சாத்திவிட வேண்டும்.

10. முகவரியும் ஆபீஸ் காகிதமும்

ஆதார், வங்கி, பான், ஆர்.சி. நான்கிலும் ஒரே நிலையான முகவரி இருக்கட்டும். பெற்றோர் வீடு என்றால் குடும்பத் தலைவர் ஒப்புதலோடு ஆதாரில் மாற்றிக்கொள்ளலாம். வண்டியை முகவரியாகக் காட்ட வழியில்லை. தனியாக வேலை எடுத்துச் செய்பவர்களுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், தொழில் நடக்கும் இடத்துக்கு வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதமும் மின்கட்டண ரசீது அல்லது சொத்துவரி ரசீதும் கேட்பார்கள். சம்பளக்காரர்கள் வேலை செய்யும் இடம் மாறுவதை எச்.ஆர்.க்கு மெயிலில் தெரிவித்து, பதிலை எடுத்து வையுங்கள். வாயால் சொன்ன அனுமதி மேனேஜர் மாறும்வரைதான்.

11. ஐப்பசிக்கு முன் இடம் மாற்றுங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் பிடிக்கும். அதற்குள் மேட்டுக்குப் போய்விட வேண்டும். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம், செங்கிப்பட்டி பக்கம் செம்மண். தண்ணீர் வடியும், சக்கரம் புதையாது. இந்த மூன்று மாத இடத்தை ஆவணியிலேயே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். புரட்டாசியில் தேடினால் மிஞ்சுவது பள்ளம்தான்.

திருவாரூரிலோ நாகையிலோ இருந்தே தீர வேண்டும் என்பவர்கள் புயல் அறிவிப்பை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்தது வேதாரண்யம் பக்கம். அன்று சாய்ந்த தென்னைகளுக்குக் கணக்கில்லை. உயரமான, எடை குறைந்த வண்டிக்கு அந்தக் காற்றில் நிற்கும் தகுதி கிடையாது. வானிலை மையம் உங்கள் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விட்ட உடனே, மழை தொடங்கும் முன், பகலில், திருச்சி திசையில் கிளம்புங்கள். மரம் விழுந்த சாலையில் இரவில் மாட்டினால் முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது. டீசல் டேங்க் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாதிக்குக் கீழ் இறங்க வேண்டாம். கரன்ட் போனால் பங்கும் மூடும். மாவட்ட அவசர எண் 1077-ஐப் போனில் பதிந்துவையுங்கள்.

வண்டியில் எப்போதும்: இழுவைக் கயிறு, அதை மாட்டும் கொக்கி எங்கே என்ற அடையாளம், மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் போட இரண்டு மரப்பலகை, நான்கு சாக்கு. பக்கத்தில் டிராக்டர் வைத்திருப்பவரின் போன் நம்பரை இடம் பேசிய அன்றே வாங்கிவிடுங்கள்.